ஐம்பத்து நாலாம் வருடத்துக் கடைசிக் கார்டு

லைமா, ஒஹையோ
அக்டோபர் 11, 1998

அன்புள்ள தம்பி வெண்டலுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். வேறு என்ன நினைப்பது என்று தெரியவில்லை. நீ வேலை செய்யும் முகாமின் அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுத்தவர் இரண்டு முறையும் உன்னிடம் தகவல் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அவர் பொய் சொல்லக் காரணம் இருப்பதாகத் தோன்றவில்லை. அதனால் எழுதுகிறேன். அலாஸ்காவுக்குத் தபால் போய்ச் சேரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஹீட்டரை இன்னும் போடவில்லை. கூரைக் குழாயில் மேப்பிள் இலை அடைத்து, போன வார மழையில் பின்சுவர் முழுக்க நனைந்துவிட்டது. கீழ்த்தளத்துக்கும் தண்ணீர் வந்திருக்குமோ என்று பார்க்கப் போனேன். உன் பெட்டிகள் நனையவில்லை. உன் மேஜையில் இரும்பு ஸ்கேலும் ஒரு பிளேடு டப்பாவும் அப்படியே கிடந்தன. டப்பா புதிது, ஒரே ஒரு பிளேடுதான் குறைகிறது. நான் அதைத் தொடவில்லை.

வியாழக்கிழமை மெர்ல் வந்திருந்தார். எதிர்வீட்டிலிருந்து வருகிற மனிதர், சட்டையை இஸ்திரி செய்து போட்டுக்கொண்டு வந்தார். கையில் அந்த ஆல்பம். ஐம்பத்து நாலாம் வருடத்து பேஸ்பால் கார்டுகள் மொத்தமும் அதில் இருக்கின்றன. பபுள்கம் பொட்டலத்தோடு வந்தவை, பன்னிரண்டு வயதில் அவர் சேர்க்கத் தொடங்கியவை. நாற்பத்து நாலு வருடமாகக் காலியாக இருந்த ஒரே பிளாஸ்டிக் பையில் இப்போது நீ கொடுத்த ஹாலுஸ்கா கார்டு இருக்கிறது. யாருக்குமே நினைவில்லாத ஒரு பந்துவீச்சாளருக்காக ஒரு மனிதர் இத்தனை வருடம் காத்திருந்ததை நான் பலமுறை கேலி செய்திருக்கிறேன். அன்று கேலி செய்யத் தோன்றவில்லை.

ஆல்பத்திலிருந்து அதை எடுத்து என் சமையலறை மேஜையில் வைத்தார். "ஆர்லீன், நீ காலேஜ்ல மயிரிழையெல்லாம் அளக்குறவளாச்சே, இதக் கொஞ்சம் அளந்து பாரேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். சங்கக் கூடத்தில் அதற்கு முந்தைய சனிக்கிழமை, உங்கள் கார்டு கூட்டத்து ஸ்டான் ஏதோ சொல்லிவிட்டானாம். "யோவ் மெர்ல், உன் ஹாலுஸ்கா மட்டும் தண்ணில போட்டுத் துவைச்ச சட்டை மாதிரி சுருங்கிப் போயிருக்கானே" என்றானாம். எல்லாரும் சிரித்தார்களாம். மெர்லும் சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது போலிருக்கிறது.

நான் உங்கள் மேஜைக்கு வெளியே இருப்பவள். வளர்ந்த ஆண்கள் சனிக்கிழமைதோறும் படைவீரர் சங்கக் கூடத்தில் உட்கார்ந்து அட்டைத் துண்டுகளை மாற்றிக்கொள்வது எனக்கு என்றுமே விளங்கியதில்லை. ஆனால் உங்களுடைய ஒரு சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. கார்டைக் கொடுக்கிறவன் கைகுலுக்கும் முன்பே அதன் குறையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். மடிப்பு, கறை, மழுங்கிய முனை, எதுவானாலும். சொல்லிவிட்டால் பிறகு யாரும் குறை பேசக்கூடாது. நாங்கள் படித்தவர்கள் கூடும் இடங்களில் இப்படி ஒரு வழக்கம் கிடையாது.

ஆகஸ்டில் நீ அந்தக் கார்டைக் கொடுத்த அன்று நானும் அங்கே இருந்தேன், உன்னை வீட்டுக்கு அழைத்துவர. மெர்ல் என்ன சொன்னார் என்று உனக்கு நினைவிருக்கும். "முனை போயிருந்தாலும் பரவால்லடா, நாய் கடிச்சிருந்தாலும் பரவால்ல, எனக்கு ஹாலுஸ்கா வந்தாப் போதும்" என்றார். நீ குறை எதுவும் சொல்லவில்லை. முனைகள் ஊசி மாதிரி இருந்தன. பதிலுக்கு அவர் கொடுத்தது, நீ பத்து வயதிலிருந்து அவரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்த கார்டு. அவர் முதன்முதலில் பிரித்த பொட்டலத்தில் வந்தது; ஆல்பத்தில் அதற்கு இன்னொரு பிரதி இருந்தும் யாருக்கும் தராமல் வைத்திருந்தது. அதை உன் கையில் வைத்தபோது அவர் உன் ஹாலுஸ்காவை, அளவு சரியாக இருக்கிறதா என்று வேறொரு கார்டின் மேல் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. மற்ற யார் கொடுத்திருந்தாலும் பார்த்திருப்பார். அடுத்த வாரமே நீ அலாஸ்காவுக்குக் கிளம்பிவிட்டாய்.

அளந்தேன். அதே வருடத்துக் கார்டு இன்னொன்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மூன்று முறை. லென்ஸ் வைத்து ஓரங்களையும் பார்த்தேன். மூன்று ஓரம் பழுப்பு. ஓர் ஓரம் வெள்ளை.

மழுங்கிய முனையைப் பிளேடால் சீவினால் கூர்மையாகிவிடும், ஆனால் கார்டு அத்தோடு செத்துவிடும் என்று எனக்குச் சொன்னதே நீதான். உனக்கு அப்போது பதினைந்து வயது. அப்படிச் செய்த எவனையோ திட்டிக்கொண்டு சாப்பிடாமல் எழுந்து போனாய்.

நான் தலையை நிமிர்த்தியதும் மெர்ல் கையை நீட்டி அளவுகோலை மூடிக்கொண்டார். "சொல்லாத ஆர்லீன். குடுத்தவன்தான் சொல்லணும். அளந்தவ சொன்னா அது வேற கதை ஆயிடும்" என்றார். என் முகத்தில் ஏதாவது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. மாணவர்கள் முன் நான் எதையும் முகத்தில் காட்டுவதில்லை. மெர்ல் மாணவர் அல்ல.

மாதக் கடைசிச் சனிக்கிழமை, முப்பத்தொன்றாம் தேதி, எல்லாருடைய கார்டுகளும் ஒரே பார்சலில் தரம் பார்க்கும் கம்பெனிக்குப் போகின்றன. நீ இருந்தபோதே முடிவு செய்ததுதான். திரும்பி வரும்போது மேஜையில் வைத்துப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வந்த மதிப்பெண்ணை ஸ்டான் உரக்கப் படிப்பான். ஓரம் வெட்டிய கார்டுக்கு மதிப்பெண் வராது, ஏன் வரவில்லை என்ற சீட்டுதான் வரும். அதையும் அவன் படிப்பான். மெர்ல் அனுப்பாமல் நிறுத்திக்கொண்டாலும் ஸ்டானுக்கு விளங்கிவிடும். இந்த இரண்டில் எது நடந்தாலும் அந்த மேஜையில் உன் நாற்காலியில் நீ மறுபடி உட்கார முடியாது. மெர்லும் உட்காருவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பார்சலை ஒட்டும் முன் குறையைச் சொல்லிவிட்டால், அது கைகுலுக்கும் முன்பே சொன்னதற்குச் சமம்தான் என்றார் மெர்ல். இரண்டு பேரும் கார்டைத் திருப்பிக் கொடுத்துக்கொள்வது, யாரும் ஏன் என்று கேட்காமல் இருப்பது, அதுவும் மேஜை வழக்கம்தானாம். அவர் கொடுத்த கார்டு இன்னும் உன்னிடம் இருக்கிறதா? இதைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. இல்லாவிட்டாலும் அவரிடம் பேசு.

போகும்போது ஹாலுஸ்காவை அவர் எடுத்துப் போகவில்லை. காலிப் பையோடு ஆல்பத்தை மூடிக்கொண்டு போனார். "இங்கயே இருக்கட்டும். கேட்டா, ஆர்லீன் இன்னும் அளந்து முடிக்கலன்னு சொல்லிக்கிறேன்" என்றார். அப்படியே நேற்று சொல்லியும் இருக்கிறார். இன்று காலை சர்ச் வாசலில் எல்லார் முன்னாலும் ஸ்டான் என்னைப் பிடித்துக்கொண்டான். "என்ன டீச்சரம்மா, ஒரு அட்டைய அளக்க இத்தன நாளா? உங்க காலேஜ்ல ஸ்கேல் வாங்கக் காசில்லையா, நாங்க வேணா உண்டியல் குலுக்கட்டுமா?" என்றான். கவனமாகச் செய்ய வேண்டிய வேலை என்றேன். இருபத்து மூன்று வருடமாகப் பிள்ளைகளுக்கு அளக்கக் கற்றுத் தருகிற என்னை ஊரே பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும்.

மெர்ல் வீட்டு எண் மாறவில்லை. நீ சின்ன வயதில் நம் எண்ணுக்கு முன்பே மனப்பாடம் செய்த எண்தான். மாலையில் அவர் வீட்டில்தான் இருப்பார், டிவியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். எனக்குப் போன் செய்ய வேண்டாம். எனக்குக் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். அவருக்குச் செய்.

அங்கே பனி அதிகம் என்கிறார்கள். நீ விட்டுப்போன கம்பளிக் கையுறையை இதோடு அனுப்புகிறேன். போட்டுக்கொள். நன்றாகச் சாப்பிடு. கடவுள் உன்னோடு இருக்கட்டும். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் உனக்காக இந்த மாதம் கேட்டுக்கொள்கிறேன்.

முப்பத்தொன்றாம் தேதி வரை நான் அளந்துகொண்டே இருப்பேன்.

உன் அக்கா,
ஆர்லீன்