கேட்கப் போன இடத்தில் வாழ்க போட்டது

தண்டையார்பேட்டை,
மார்ச் 17.

அன்பு மகள் கீர்த்திக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தம்பி தீபன் மூவரும் சுகமாக இருக்கிறோம், என் வாய் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தாளை எடுத்தான் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு சொல்லை முடிப்பதற்குள் உன் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடுகிறது, பேனாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அம்மா இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவாள், எப்படியும் வரிசையை மாற்றித்தான் அனுப்புவாள், மேலே எண் போட்டிருக்கிறேன், பார்த்துப் படி. அவளுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தைத் தீர்ந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். தீபனை மணலி கம்பெனியில் இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை, ஆக்குவோம் ஆக்குவோம் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீ அங்கே நல்ல மேஸ்திரி கிடைத்தாலும் கெட்ட மேஸ்திரி கிடைத்தாலும் ஒப்பந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

இனி என் மானம் போன கதை. ஃபேஸ்புக்கில் யாராவது உனக்குக் காட்டியிருப்பார்கள், மூத்த தொழிற்சங்கவாதி தேசப்பன் எங்கள் கட்சியில் இணைந்தார் என்று, கழுத்தில் பொன்னாடையோடு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அது பல்லைக் காட்டியதும் இல்லை, வாயை மூட முயன்றது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் தாண்டி நான் போகும் மறுவாழ்வு மையம் உனக்குத் தெரியும், அரசு மானியத்தில் நடப்பது, நமக்கு ஒரு பைசா செலவில்லை. ஆடி மாதம் பக்கவாதம் வந்தபோது எனக்கு ‘ம்’ என்பதைத் தவிர எதுவும் வரவில்லை, இன்று தண்ணீர், டீ, போதும், உன் அம்மா பெயர் நீலா என்றெல்லாம் வருகிறது என்றால் அது ஷெர்லின் டீச்சரின் வேலை. நாகர்கோவில் பக்கத்துப் பெண், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். நான் ஒரு சொல்லைத் தேடி முழிக்கும்போது எதிரே உட்கார்ந்து அவசரப்படாமல் காத்திருப்பார். நம் வீட்டில் அம்மா என் வாக்கியத்தைப் பாசத்தில் அவளே முடித்துவிடுவாள், பெரும்பாலும் தப்பாக முடிப்பாள், நான் டீ கேட்டால் போர்வை வரும். அந்த டீச்சரின் வேலைக்கான மானியம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டிய கோப்பு மேலிடத்தில் கிடக்கிறதாம், கேட்டால் தேர்தல் விதி அமலில் இருக்கிறது, இப்போது எதையும் தொட முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். அங்கே வருகிறவர்கள் முப்பத்திநாலு பேர். எல்லோருமாகக் கூடி, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் நம்முடையதைக் கேட்போம், ஊர் முன்னால் வாக்கு வாங்குவோம் என்று முடிவு செய்தோம். பதுருன்னிசா என்ற அம்மாதான் இதற்கு முன்னால் நின்றது, அவர் மகளுக்குக் காது கேட்காது, பத்து வயதில் இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறாள். யார் பேசுவது என்று வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துறைமுக வாசலில் முப்பது வருஷம் கோஷம் போட்டவன் அல்லவா. நானும் கௌரவமாகத் தலையை ஆட்டினேன், அந்த ஆட்டல்தான் வினை.

பேச்சு வராதவனே வந்து கேட்டால்தான் உறைக்கும் என்பது ஏற்பாடு. எங்கள் மையத்துக்கு ஷெர்லின் டீச்சர் வேண்டும், சம்பளத்தை நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான் என் பேச்சு. பதினெட்டு நாள் பயிற்சி செய்தேன். ரயில்வே கேட் மூடி சரக்கு ரயில் போகும் நேரமெல்லாம் அங்கேயே நின்று சொல்லிப் பார்ப்பேன். சம்பளத்தை நிறுத்தாதே, நிறுத்தாதே என்று நான் திணறுவதைக் கேட்டு, பக்கத்தில் வண்டியில் இருந்த ஒருவர் இறங்கி வந்து, எந்த கம்பெனி சார், எவ்வளவு மாசம் பாக்கி என்று விசாரித்தார். நாளும் வந்தது. முதல் வேட்பாளர் பேண்டு வாத்தியம், வெடி, பூ எல்லாவற்றோடும் திறந்த ஜீப்பில் வந்தார். நான் மனுவைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றேன். அவருடைய ஆள் ஒருவர் மைக்கில் அண்ணன் பெயரைச் சொல்லி இழுத்து நிறுத்தினார். கீர்த்தி, அந்த இடைவெளியில் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்து ‘வாழ்க’ என்றது. சாதாரண வாழ்க இல்லை, பழைய துறைமுக வாசல் வாழ்க, தெருக்கோடி வரை போனது. அவர் மறுபடி இழுத்தார், நான் மறுபடி போட்டேன். தெருவே கூடச் சேர்ந்துகொண்டது. பதுருன்னிசா என் சட்டையைப் பிடித்து இழுத்து, “இன்னா நைனா, நாம கேக்க வந்தோமா, கும்பிட வந்தோமா?” என்றது காதில் விழுந்தது, வாய்க்குத்தான் விழவில்லை. வேட்பாளர் இறங்கி வந்து பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு, மனுவைப் படித்துவிட்டுச் சிரித்தார். “ஐயாவுக்குத்தான் இவ்ளோ நல்லா பேச்சு வருதே, அப்புறம் எதுக்கும்மா டீச்சரு?” என்று சொல்லி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பதினெட்டு நாள் பயிற்சி, முப்பத்திநாலு பேரின் காரியம், இரண்டு வாழ்கவில் முடித்துவிட்டேன். மறுநாள் டீச்சர், பழகிப்போன கோஷமும் பாட்டும் மூளையில் வேறு வழியாகத் தானே வந்துவிடும், புதிதாக ஒன்று சொல்வதுதான் கஷ்டம், அது உங்கள் தப்பு இல்லை சார் என்று விளக்கினார். எனக்கென்னவோ அது தப்பாகத்தான் பட்டது.

அடுத்த வியாழக்கிழமை இரண்டாமவர் வந்தார். போகவே மாட்டேன் என்று இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் நாள் வாழ்க போட்டதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. தெரு பழைய தேசப்பனைப் பார்த்தது. இப்போதிருக்கும் தேசப்பன் திணறுவதை, எச்சில் ஒழுகுவதை அதே தெரு பார்க்க வேண்டுமே என்ற வெட்கம்தான் என் வியாதியில் பெரிய பகுதி. ஆனாலும் அந்தக் காது கேட்காத பெண் மனுவைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள், போகாமல் என்ன செய்வது. கோஷம் வராமல் இருக்க வாயில் இரண்டு புளிப்பு மிட்டாய் அடக்கிக்கொண்டு போனேன். பதுருன்னிசா ஜீப்புக்கு முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னார். வேட்பாளருடன் வந்தவர் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டார், முப்பத்திநாலு என்றதும் அவருக்கு முகம் சப்பென்று ஆகிவிட்டது, முப்பத்திநாலு ஓட்டுதானா, பார்க்கலாம் என்று ஜீப்பைத் தட்டினார். நான் மிட்டாயைத் துப்பிவிட்டுக் கையை உயர்த்தினேன். முதல் எழுத்தைத் தாண்டவே முடியவில்லை. மு, மு என்று நிற்கிறேன், பேண்டுக்காரர்கள் கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள், யாரோ பின்னால் சிரித்தார்கள், உன் அம்மா என் வாக்கியத்தை முடித்துவிடாமல் இருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு நிமிஷமாவது ஆகியிருக்கும். அந்த வேட்பாளரும் நின்றார், அதைச் சொல்ல வேண்டும். கடைசியில் வந்தது.

“முப்பத்திநாலு பேரு இல்ல. முப்பத்திநாலு வூடு.”

பதினெட்டு நாள் படித்த பேச்சில் இது இல்லை. என் வாயில் ஏழெட்டு மாதத்தில் நானே செய்த முதல் வாக்கியம். அவர் டைரியில் குறித்துக்கொண்டார். மூன்று நாள் முன்னால் வந்த அவருடைய நோட்டீஸில் எங்கள் கோரிக்கை ஒன்பதாவது, எட்டாவது தெருநாய்த் தொல்லை. அதைப் பார்த்துவிட்டு முதல் கட்சிக்காரர்கள் அவர்கள் நோட்டீஸில் ஏழாவதாகப் போட்டிருக்கிறார்கள். தேர்தல் முடிந்து யார் வந்தாலும் இந்த இரண்டு தாளையும் கொண்டுபோய் முன்னால் வைப்போம், பதுருன்னிசா பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார். ஆனால் அதற்கு மூன்று மாதமாவது ஆகும், மானியம் இந்த மாதக் கடைசியில் நின்றுவிடும். டீச்சருக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. வாரம் இரண்டு நாள் சாயங்காலம் சும்மாவே வந்து சொல்லித் தருகிறேன் என்றார். நான் சிலேட்டில், வராதீர்கள் டீச்சர், நீங்கள் சம்பளமில்லாமல் வந்தால் இந்த வேலைக்கு ஆளே தேவையில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள் என்று எழுதிக் காட்டினேன். முப்பத்திநாலு பேரும் கூடிப் பேசி அதையேதான் சொன்னோம், சொல்லிவிட்டுப் பாதிப் பேர் அழுதோம். உன் அம்மாதான் வீட்டுக்கு வந்து, “வாயி வர்றதுக்கு முன்னாடி உனுக்கு கொள்கை வந்துச்சா?” என்று பிடிபிடி என்று பிடித்தாள். அவள் கேட்டது நியாயம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. மூன்று மாதம் பயிற்சி இல்லாமல் கிடந்தால் வந்த சொல்லும் போய்விடுமோ. இதற்காக நீ பணம் அனுப்புகிறேன் என்று கிளம்பாதே, எனக்கு மட்டும் ஒரு டீச்சர் வைத்துக்கொள்ள நான் அந்த ஜீப்புக்கு முன்னால் நிற்கவில்லை.

வெயிலில் குடை இல்லாமல் போகாதே. தோழிகளோடு சண்டை என்றாயே, நீயே முதலில் பேசிவிடு, பேச முடிகிறவர்கள் பேசாமல் இருப்பதைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நம் அம்மன் துணையில் நீ நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நல்லபடி வாழ அப்பா அம்மா இருவரின் ஆசீர்வாதம். ஒன்று மறந்துவிட்டேன். மீதி இருக்கும் இரண்டு வாரத்துக்கு ஆளுக்கு ஒரு சொல், எது வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்று டீச்சர் கேட்டார். நான் உன் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ‘கீ’ வந்துவிட்டது, ‘தி’ வந்துவிட்டது, நடுவில் இருப்பதற்கு இன்னும் பதினாலு நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. தேசப்பன்