இன்னும் குடிக்கலாம் என்றது ஆப்

மார்ச் 3, செவ்வாய்

ஆப் வெளியாகி ஒரு வாரம். முதல் விமர்சனம் வந்துவிட்டது. ஒரே ஒரு ஸ்டார். “கப்பைத் தொட்டா தண்ணி ஏறுது. சேமிக்கிற பட்டன் எங்க? கண்ணுல காட்டுங்க.”

எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. கீழே நீல நிறத்தில் பட்டையாக இருக்கிறதே பட்டன்! அந்த நீலத்தைத் தேர்ந்தெடுக்கவே மண்டையை உடைத்துக்கொண்டேன். ‘திரையின் கீழே இருக்கிறது. நன்றாகப் பாருங்கள்’ என்று பதில் போட்டேன்.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்தது அக்காவுக்காக. அவளுக்குச் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஐந்து சின்னக் கப் தண்ணீர்தான், மீறினால் உடம்பில் தங்கி மூச்சு முட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடிக்கும்போதெல்லாம் திரையில் இருக்கும் கப் படத்தைத் தொட்டுச் சேமித்தால், மிச்சம் எவ்வளவு என்று ஆப் சொல்லும். அவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 4, புதன்

அந்த ஆள் பதில் போட்டிருக்கிறார்: “கீழ என் கட்டைவிரல்தான் இருக்கு.” வம்புக்கென்றே பிறந்தவர் போலிருக்கிறது. வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். கட்டைவிரல்காரர் என்று பெயரும் வைத்தாயிற்று.

மார்ச் 5, வியாழன்

ஆப் எப்படி என்று அக்காவிடம் போனில் கேட்டேன். “சூப்பர்டி. உன் ஆப்புக்குத் தாராள மனசு. டாக்டர்தான் கஞ்சன்” என்றாள். இதைச் சொல்வதற்குள் இரண்டு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். படியேறி வந்திருப்பாள்.

மனசு குளிர்ந்துவிட்டது. கட்டைவிரல்காரரே, கேட்டீர்களா?

மார்ச் 7, சனி

டயாலிசிஸ் அறையிலிருந்து அத்தான் கூப்பிட்டார். குரலே சரியில்லை. “எடை எக்கச்சக்கமா ஏறியிருக்கு. மூச்சு விட முடியலை அவளால. ஆக்சிஜன் வச்சிருக்காங்க. நீ உடனே வா.”

கிளம்புகிறேன் —

மார்ச் 8, ஞாயிறு

கூடுதல் நேரம் மெஷினில் போட்டு நீரை எடுத்த பிறகுதான் மூச்சு சீரானது. கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. நர்ஸ் விடவில்லை: “இவ்வளவு சொல்லியும் இப்படித் தண்ணி குடிச்சா எப்படிம்மா?”

அக்கா என்னைக் கை காட்டினாள். “இவ ஆப்தான் சொல்லுச்சு, இன்னும் அஞ்சு கப் குடிக்கலாம்னு.”

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். கண் மங்கல் என்று எழுத்தையெல்லாம் பூதாகரமாக வைத்திருக்கிறாள். ‘இன்று குடித்தது’ என்ற வரியே பாதித் திரையை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் கீழே கப். பட்டன் இல்லை. திரைக்கு வெளியே போய்விட்டது. தள்ளிப் பார்க்கவும் வழியில்லை, அழகாக இருக்கட்டும் என்று திரை நகராதபடி நான்தான் பூட்டி வைத்தேன். அவள் கப்பைத் தொடுவாள், தண்ணீர் ஏறும், மூடிவிடுவாள். எதுவும் பதிவாகாது. மறுபடி திறந்தால் காலிக் கப். இன்னும் குடிக்கலாம்.

ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன். என் போன்ல மட்டும் பாத்தா போதுமா? கண்ணு நல்லா தெரியற எனக்கா இந்த ஆப்? அந்த மனுஷன் படிச்சுப் படிச்சு சொன்னாரே, காதுல வாங்கினேனா?

“உனக்குச் சந்தேகமே வரலையாக்கா?”

“வந்துச்சு. நீ செஞ்சதுல தப்பு இருக்காதுன்னு விட்டுட்டேன்.”

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, ஆப்பைத் திறந்தால் ‘இதில் பிழை இருக்கிறது, நம்பாதீர்கள்’ என்று மட்டும் வரும்படி மாற்றி அனுப்பினேன்.

மார்ச் 9, திங்கள்

கட்டைவிரல்காரரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவருக்கு என்ன ஆயிற்றோ என்று போனைத் திறந்து திறந்து பார்த்தேன். மதியம் பதில்: “எனக்கு ஒண்ணும் ஆகலைம்மா. உங்க ஆப்பை நான் முதல் நாளே நம்பலை. ஒரு கப்புக்கு ஒரு கோடுன்னு சுவத்துல போட்டுக்கிட்டிருக்கேன்.”

அப்பாடா. ஒருவர் என்னை நம்பாததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

மார்ச் 12, வியாழன்

சேமிக்கும் பட்டனையே தூக்கிவிட்டேன். கப்பைத் தொட்டால் அப்போதே பதிவு. அக்காவின் போனை வாங்கி வைத்துக்கொண்டு அதே பெரிய எழுத்தில்தான் எல்லாச் சோதனையும். நீலம் போனால் போகட்டும்.

மார்ச் 17, செவ்வாய்

எடை டாக்டர் சொன்ன அளவுக்குள் இருக்கிறதாம். அத்தான் சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

கட்டைவிரல்காரர் நான்கு ஸ்டாருக்கு வந்திருக்கிறார். “இப்ப சரியா இருக்கு. நல்லா பாருங்கன்னு கண்ணு மங்கின எனக்கே சொன்னீங்கல்ல, அதுக்கு ஒரு ஸ்டார் கழிச்சிருக்கேன்.” நியாயம்தான்.

மார்ச் 21, சனி

டயாலிசிஸ் முடித்து வீடு திரும்பிய அக்கா போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே திட்டு. “என்னடி ஆப் இது? பொழுது சாயறதுக்குள்ள இன்னைக்குப் போதும்னு சொல்லுது. முன்னாடி எவ்வளவு நல்லா இருந்துச்சு. டாக்டரோட கூட்டுச் சேந்துட்டியா நீ? கூடப் பொறந்தவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க மனசு வரலை உனக்கு” என்று ஆரம்பித்து, சின்ன வயதில் நான் அவள் ரிப்பனைத் தொலைத்தது வரைக்கும் போனாள்.

ஓர் இடத்தில்கூட மூச்சு வாங்க நிற்கவில்லை. நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.