குதிரைப் படம் போட்ட தகரப் பெட்டி

வெள்ளச்சி கனைத்தால் செருப்பைக்கூடத் தேடாமல் கொட்டகைக்கு ஓடுகிற என் மாமாவுக்கு,

ஜெயித்துவிட்டோம் மாமா. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாசி மகத்துக்கு நம்மூர்ச் சாமி நல்லவாடு கடலுக்குப் போனபோது முன்னால் நடந்தவள் வெள்ளச்சி. அவள் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் உங்கள் மகள் செல்வி. நான் பின்னால் வந்தேன், கையில் உங்கள் தகரப் பெட்டியோடு.

எந்தப் பெட்டி என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்களுக்குத் தெரியாததா? எனக்குத்தான் இத்தனை வருஷம் தெரியாமல் போய்விட்டது.

இதை ஊரறிய எழுதுகிறேன். ஊரறிய உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டு, வீட்டுக்குள் உங்கள் படத்துக்கு முன்னால் மட்டும் மன்னிப்புக் கேட்டால் எனக்கே நியாயமாகப் படவில்லை. படிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாகூர் பக்கம் குதிரை வைத்திருக்கிறவர்கள் நாங்கள் ஏழெட்டு வீடு. கரும்பும் நெல்லும் பிழைப்புக்கு, குதிரை ஆசைக்கு. கல்யாண ஊர்வலம், சாமி ஊர்வலம் என்று கூப்பிட்ட இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போவோம். மாசி மகத்தன்று சாமி புறப்படும் முன் கோயில் வாசலில் எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கடிவாளம் பிடிக்கப்போகிறவர் குதிரைக்கு ஒரு துண்டு வெல்லம் நீட்ட வேண்டும். அது வாங்கித் தின்றால்தான் சாமி நகரும். தப்புச் செய்த கையில் குதிரை வாய் வைக்காது என்று நாங்கள் நம்புகிறோம்.

அந்தக் கடிவாளம் உங்களுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த சொல்தாக்கள் மாடி வீடு கட்டுவார்கள். நீங்கள் குதிரைக் கொட்டகை கட்டினீர்கள். உங்களைக் கட்டிய என் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளச்சி உங்களிடம் வந்ததே ஒரு கூத்து. எத்திராஜ் அண்ணன்தான் அவளை முதலில் வைத்திருந்தார். கால் நொண்டுகிறது என்று தரகர் லாரியில் ஏற்றிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நொண்டியானாலும் கிழமானாலும் ஏற்றிவிடுவோம். லாரி எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்க மாட்டோம். நீங்கள் வில்லியனூர் ரோட்டில் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி அந்த லாரியை மறித்து அவளை இறக்கிக்கொண்டு வந்தீர்கள். அவள் குளம்புக்குள் இருந்தது ஒரு முள். ஒரே ஒரு முள், மாமா.

அப்படிப்பட்ட உங்களிடமிருந்துதான் கடிவாளத்தைப் பிடுங்கினோம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், மாசி மகத்துக்கு முந்தின வாரம், கோயில் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். யாரோ விளையாட்டாகக் கேட்டார்கள், "இன்னா சொல்தா, அங்க குதிரைக் கறி துன்னுவாங்களாமே, மெய்தானா?"

"ஆமாம். எங்க பட்டாளத்துலயும் போட்டாங்க. நானும் துன்னேன்."

ஒரு பொய் சொல்லியிருக்கலாமே மாமா? சரி, உண்மைதான் சொன்னீர்கள், அதோடு விட்டிருக்கலாம். எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, "கொஞ்சம் தித்திப்பா இருக்கும்" என்று வேறு சொன்னீர்கள். டீ கிளாஸ்கள் அப்படியே நின்றன. எத்திராஜ் அண்ணன் எழுந்துவிட்டார்.

"குதிரையத் துன்ன கையாலயா குதிரைக்கு வெல்லம் குடுப்பே? இத்தினி வருஷமா எங்க சாமிய ஏமாத்திக்கினு இருந்தியா நீ?"

நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "அந்த லாரி எங்க போவுது எத்திராஜ்?" எல்லாரும் கிளாஸை வைத்துவிட்டுக் கலைந்தார்கள். கடிவாளம் என் கைக்கு வந்தது. நான் வாங்கிக்கொண்டேன். மூன்று மாசி மகம் நான் முன்னால் நடந்தேன், நீங்கள் கூட்டத்தின் கடைசியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்தீர்கள். வெள்ளச்சி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் கயிற்றை இழுத்துப் பிடித்தேன். அந்த இழுப்பு இன்னும் என் கையில் இருக்கிறது மாமா, வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் இறந்த துக்கத்தில் போன வருஷம் நம் கொட்டகையிலிருந்து குதிரை போகவில்லை. இந்த வருஷம் உங்கள் வருஷத் திதிக்குப் பிரான்சிலிருந்து வந்த செல்வி மாசி மகம் வரை தங்கிவிட்டாள். "அப்பா புடிச்ச கயிற இந்த வருஷம் நான் புடிக்கிறேன் மாமா" என்றாள். எத்திராஜ் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "பொண்ணு புடிக்கறதுக்கு ஒன்னும் இல்லடா. ஆனா குதிரை துன்னவன் பொண்ணு புடிக்கக் கூடாது. மீறினா எங்க வூட்டுக் குதிரை ஒன்னும் வராது" என்று முடித்துவிட்டார். செல்வி அழவில்லை. உங்கள் பிடிவாதம் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது.

மாசி மகத்துக்கு முதல் நாள் காலை, வெள்ளச்சிக்கு வெல்லம் எடுக்கக் கொட்டகைக்குப் போனவள் பெட்டியோடு திரும்பி வந்தாள். நீங்கள் எப்போதும் வெல்லம் போட்டு வைக்கிற அந்தப் பழைய தகரப் பெட்டி, மூடியில் குதிரைத் தலை.

"மாமா, இது ஏது?"

"உங்கப்பா கொண்டாந்தது. குதிரை மார்க் கறி."

"மார்க் இல்ல மாமா. குதிரைக் கறின்னே பிரெஞ்சுல எழுதியிருக்குது. இத்த யாரு துன்னீங்க?"

எனக்குக் காது குத்துக் கல்யாணம் ஞாபகம் வந்தது. செல்விக்கு அப்போது ஒரு வயசு. நீங்கள் லீவில் வந்திருந்தீர்கள். தட்டாரை அழைத்துவர நீங்கள் போயிருந்த நேரம் பார்த்து, உங்கள் அலமாரியில் இருந்த பெட்டியை நான்தான் இறக்கினேன். உள்ளே காய்ந்த கறி, கட்டை கட்டையாக. எத்திராஜ் அண்ணன் மூடியைப் பார்த்துச் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "குதிரை மார்க்குடா. கிளி மார்க் தீப்பெட்டில கிளியா இருக்குது? அறுடா சீக்கிரம்!" அக்கா வெங்காயமும் மிளகும் போட்டு வறுத்துக் கொடுத்தாள். குதிரைக்காரர்கள் அத்தனை பேரும் தின்றோம். எத்திராஜ் அண்ணன் இரண்டாம் தட்டும் கேட்டு வாங்கினார்.

நீங்கள் வந்து பார்த்தபோது பெட்டி காலி. "எப்படி இருந்துது?" என்று கேட்டீர்கள்.

"தித்திப்பா, நல்லா இருந்துது சொல்தா!" என்றார் எத்திராஜ் அண்ணன்.

நீங்கள் பெட்டியைக் கழுவி உள்ளே எடுத்துப் போனீர்கள். அவ்வளவுதான்.

அக்காவிடம் ஓடினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. "டவுன்ல இன்னொரு சொல்தா ஆசப்பட்டாருன்னு அவருக்காகக் கொண்டாந்ததுடா. மறுநாளே என்கிட்ட சொல்லிட்டாரு. இவங்க குதிரைய சாமியா பாக்கறவங்க, தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவாங்க, மூச்சு வுடாதன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. கயிறப் புடுங்கிக்கினு அனுப்பினீங்களே, அன்னிக்கு நான் சொல்றேன்னு கெளம்பினேன். அப்பவும் வுடல."

மாமா, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லார் வாயும் மூடியிருக்கும். எப்படித்தான் அடக்கிக்கொண்டீர்கள்?

மறுநாள் கோயில் வாசலில் மேளம் நின்றது. வெள்ளச்சி மஞ்சள் பூசி, மாலை போட்டு நின்றாள். செல்வி கடிவாளத்தைப் பிடித்ததும் எத்திராஜ் அண்ணன் குறுக்கே வந்தார். நான் பெட்டியைத் தூக்கிப் பிடித்தேன்.

"அண்ணே, குதிரை துன்ன கை கயிறு புடிக்கக் கூடாதுன்னா, மூணு வருஷம் நான் புடிச்சதும் தப்பு. நானும் துன்னவன். செல்வி காது குத்துக்குத் துன்னேன். இந்தப் பெட்டியிலேர்ந்து."

உங்களுக்காக ஒன்று செய்தேன் மாமா. வேறு யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவர் மூடியைப் பார்த்தார், குதிரைத் தலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அந்த... குதிரை மார்க்கா?"

"செல்வி படிச்சிச் சொன்னா அண்ணே. மார்க் இல்லையாம்."

பின்னால் நின்ற குதிரைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். ஒருத்தர் வாயைத் துடைத்துக்கொண்டார், இருபத்துச் சொச்சம் வருஷத்துக்குப் பிறகு.

"சொல்தாவுக்குத் தெரியுமா?" என்று எத்திராஜ் அண்ணன் கேட்டார்.

"அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்டா அவரு அன்னிக்கு எங்களச் சொல்லல?"

நான் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு துண்டு வெல்லம் எடுத்து, தான் லாரியில் ஏற்றி அனுப்பிய அதே வெள்ளச்சிக்கு நீட்டினார். ஊரே எட்டிப் பார்த்தது. வெள்ளச்சி அவர் கையை ஒருமுறை முகர்ந்தாள். வெல்லத்தை வாங்கி, மொறுமொறுவென்று மென்று, உள்ளங்கையையும் நக்கினாள். எத்திராஜ் அண்ணன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே, "மேளத்த அடிங்கடா! சொல்தா பொண்ணு கயிறு புடிக்குது!" என்று கத்தினார்.

அந்தக் குரல் உங்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். மேளம் பிய்த்துக்கொண்டு போனது. நல்லவாட்டில் மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குலவையிட்டார்கள். உங்கள் மகள் அலைக்குள் முழங்கால் வரை இறங்கி நின்றாள், வெள்ளச்சி பக்கத்தில். நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நாலு நாள் பேச முடியவில்லை. எத்திராஜ் அண்ணன் வழி முழுக்க ஊர்வலத்தின் கடைசியில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். யாரும் சொல்லி அல்ல.

அடுத்த வாரம் எல்லோரும் கூடிப் பேசினோம். குதிரைக் கறி தின்பது பாவமா இல்லையா என்று ஒரு முடிவுக்கும் வரவில்லை. ஆட்டுக்கறி தின்கிற வாயால் அதைப் பேசுவது எப்படி என்று ஒருவர் கேட்க, சண்டை வந்து சிரிப்பில் முடிந்தது. இனி நான் தின்பேனா? மாட்டேன். நீங்களும் கொட்டகை கட்டிய பிறகு தின்னவில்லை என்று அக்கா சொன்னாள். ஏன் என்று உங்களைக் கேட்காமல் போனேனே.

ஆனால் உங்கள் அந்த ஒரு கேள்விக்கு நான்கு வருஷம் கழித்துப் பதில் சொல்லிவிட்டோம். நேற்று தரகர் எத்திராஜ் அண்ணன் வீட்டுக்கு வந்தார், அவருடைய கிழட்டுக் குதிரையைக் கேட்டு. அண்ணன் கட்டிலை விட்டு எழுந்திருக்காமலே கேட்டாராம், "லாரி எங்க போவுது?" தரகர் மென்று விழுங்கியிருக்கிறார். "அப்ப காலியா போவட்டும்" என்றாராம். அந்தக் கிழம் இப்போது உங்கள் கொட்டகையில், வெள்ளச்சிக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறது. கடைவாய்ப் பல் இல்லை. வெல்லத்தை நுணுக்கிக் கொடுக்கிறேன்.

மாமா, உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். எங்கள் ஏழெட்டு வீட்டிலிருந்தும் ஒரு குதிரை இனி அந்த லாரியில் ஏறாது. நான் இருக்கும்வரை அந்தத் தகரப் பெட்டியில் வெல்லம் தீராது.

இப்படிக்கு,
உங்கள் கடிவாளத்தை உங்கள் மகள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்ட,
உங்கள் மச்சான்
தணிகாசலம்