இடுப்பு உயரத்தில் ஒரு காலண்டர்

சின்னவளுக்கு,

உன் சமையலறையை உன்னைக் கேட்காமல் ஒரு படத்துக்கு அப்படியே செட்டாகப் போட்டேன். படத்தின் பாதியில் நீ எழுந்து போய்விட்டதாக உன் அண்ணன் சொன்னான்.

எங்கும் படிக்காமல், கண்ணை மட்டும் நம்பிக் கலை இயக்குநர் ஆனவன் நான். அந்தச் செட்டில் யாரும் குறை சொல்ல முடியாது, இப்போதும் சொல்வேன். அதற்காக நீ என் போனை எடுக்காமல் இருப்பதும் சரியில்லை.

படப்பிடிப்பில் இயக்குநர் கேட்டார்: "காலண்டர் ஏன் சார் இடுப்பு உயரத்துல? பூனை தேதி பாக்கவா?"

"பின்னாடி சுவர் பேந்திருக்கு, அத மறைக்கத்தான். பொண்டாட்டிய அடிக்கிறவன் வீடு இப்படித்தான் இருக்கும்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன்.

உன் வீட்டில் அந்தக் காலண்டரையும் அதன் பின்னால் பேந்த சுவரையும் பார்த்த அன்று, நீ கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, சுவரை அளந்துகொண்டு வந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி நடக்க வேண்டியது: ஞாயிறு காலை உன் அண்ணன் செட் சாமான் ஏற்றும் வேனைக் கொண்டுவருவான். உன் அம்மா உன் அறையை ஒழித்து வைப்பாள். நீ துணிமணியை மட்டும் எடுத்து வை. மாப்பிள்ளையிடம் நான் பேசுவேன். காலண்டரை நீ தொடாதே. அதை அவர் கழற்ற வேண்டும், என் கண் முன்னால்.

உன் அப்பா