நான்காம் கேள்வி

கீழ்பென்னாத்தூர்
24-3-1958

பிரியமுள்ள ஏகாம்பரத்துக்கு,

கோயிலில் உன் அப்பாவுக்கு இந்த மாதம் பூஜை முறை என்று சொன்னாயே, முழங்கால் வலியோடு எப்படி நிற்கிறார் என்று கேட்கத்தான் இந்த இன்லாண்டுக் கடிதத்தாளை வாங்கினேன். அதற்குள் வேறு செய்தி வந்து இடத்தை அடைத்துக்கொண்டது.

சனிக்கிழமை சாயங்காலம் என் வேர்க்கடலைக் கொல்லையில் சடையனைக் கரடி அடித்துவிட்டது. பதினெட்டு வருஷமாக என் நிலத்தில் உழைக்கிறவன். உச்சந்தலையும் இடது கன்னமும் கிழிந்துவிட்டன. வண்டி கட்டி உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு நடை போய்ப் பார். கண் தப்புமா என்று கேட்டு எழுது.

ஊர் கொதிக்கிறது. கரடி இருப்பது கொல்லைக்கு மேற்கே உள்ள பாறைக் குன்றில். அது காப்புக்காடு என்பதால் உங்கள் வன இலாகா உத்தரவு இல்லாமல் சுடக் கூடாதாம். மனுவை நிலத்துக்காரன்தான் கொடுக்க வேண்டுமாம். நிலத்துக்காரன் யார்? எறும்பு பார்த்து நடக்கிற, தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிற, ஊரார் நயினார் என்று கூப்பிடுகிற இந்தச் சமணன். என் வீட்டுக்குள் வந்த தேளைக்கூட முறத்தில் ஏந்தி வேலிக்கு அப்பால் விடுகிறவன், ஓர் உயிரைச் சுடச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சடையன் மனைவி பச்சையம்மாள் வாசலில் வந்து நின்றாள். “எம் புருசன் மூஞ்சி கிழிஞ்சி கெடக்குது. ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ யோசனையா நயினாரே?” என்றாள்.

மனு போகாவிட்டால் பலாப்பழத்துக்குள் நாட்டு வெடி வைப்பார்களாம். அதைக் கரடிதான் கடிக்கும் என்று என்ன நிச்சயம்? மாடு கடிக்கும், நாய் கடிக்கும். ஒரு வாரம் தவணை சொல்லியிருக்கிறேன். ரேஞ்சு ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிற நீதான் வழி சொல்ல வேண்டும்.

உன்,
சக்கரவர்த்தி

---

திருவண்ணாமலை
27-3-1958

எறும்புக்கும் வழிவிடும் நயினார் அவர்களுக்கு, ஏகாம்பரநாதன் எழுதுவது.

முதலில் நல்ல செய்தி. சடையனைப் பார்த்துவிட்டேன். கண் தப்பிவிட்டது. தலையிலும் கன்னத்திலுமாக இருபத்தொரு தையல். கஞ்சி குடிக்கிறான். பேசினால் தையல் இழுக்கிறது என்பதால் பேச வேண்டாம் என்றிருக்கிறார்கள். அப்படியும், “நயினாரு சாப்ட்டாரா?” என்று கேட்டான்.

இனி விஷயம். அச்சடித்த மனுப் பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். உத்தரவு கிடைத்தால் லைசென்சு உள்ள வேட்டைக்காரர் ஒருவர் வருவார். ஒரே கரடி, பதினைந்து நாள் தவணை. குட்டியோடு இருக்கும் பெட்டையைச் சுடவே கூடாது. சுட்டதன் தோலையும் மண்டை ஓட்டையும் ஆபீசில் கொண்டுவந்து காட்ட வேண்டும். யுத்தத்துக்குப் பிறகு ஜவ்வாது மலைப் பக்கம் துப்பாக்கி வைத்திருந்தவனெல்லாம் கணக்கு வழக்கில்லாமல் சுட்டதில் கரடியே கம்மியாகிவிட்டது. “குட்டி போட்டத சுட்டா ஒரு குண்டுல மூணு போவுதுய்யா” என்பார் எங்கள் ரேஞ்சர்.

மண்டை ஓட்டுக்கு நாடா பிடித்து அளவெடுப்பது யார் என்கிறாய்? நான்தான். அப்பா கருவறையில் தீபம் காட்டிக்கொண்டிருப்பார், நான் இங்கே கரடிப் பல்லை எண்ணிக்கொண்டிருப்பேன். வீட்டுக்குள் நுழையுமுன் கிணற்றடியில் தலைமுழுகாவிட்டால் என் சம்சாரம் லலிதாம்பாள் சோறு போட மாட்டாள். ஆகவே உன் சங்கடம் எனக்குப் புரியாதது அல்ல.

பாரத்தில் ஆறு கேள்விகள். நான்காவதை மட்டும் பார்த்து எழுது. “பயிருக்குத் தகுந்த காவல் வைத்திருந்தீரா?” என்று இருக்கும். ‘ஆம்’ என்று போட்டுவிடு. ‘இல்லை’ என்றால் மனு அங்கேயே நின்றுவிடும்.

உன் சிநேகிதன்,
ஏகாம்பரம்

---

கீழ்பென்னாத்தூர்
31-3-1958

பிரியமுள்ள ஏகாம்பரத்துக்கு,

கண் தப்பியது என்று நீ எழுதியதைப் பச்சையம்மாளுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். எனக்காக மூன்றாம் தரமும் படித்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். போடுமுன் பேனாவை இரண்டு தரம் கீழே வைத்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். வெடி வைத்தால் இன்னும் எத்தனை உயிர் போகுமோ என்று நினைத்துத்தான் போட்டேன். ஆனால் நான்காம் கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். காரணத்தைக் கேள்.

நாங்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிறவர்கள். பள்ளிக்கூட நாளில் நீயே இதற்காக என்னைப் போதும் போதும் என்னும்படி கேலி செய்திருக்கிறாய். என் ஆட்களும் நேரத்தோடு வீடு போய்ச் சேரட்டும் என்று, ஐந்தரை மணிக்கே கொல்லையைக் காலி செய்துவிடுவேன். இதை ஒரு தருமம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தேன். பக்கத்துக் கொல்லைகளில் இருட்டும்வரை ஆள் நின்று தகரம் தட்டுகிறார்கள். கரடி அங்கெல்லாம் போகவில்லை. ஆள் இல்லாத கொல்லை எது என்று அதற்குத் தெரிந்துபோயிற்று. அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பிய சடையனை, கிணற்றடியில் நீர் இறைக்கும் வடக்கயிற்றை மறந்துவிட்டோம், எடுத்து வா என்று திருப்பி அனுப்பியவனும் நான்தான்.

இத்தனைக்கும் பிறகு காவல் வைத்தேன் என்று எப்படி எழுதுவேன்? கொல்லாமை ஒரு விரதம், பொய் சொல்லாமை இன்னொரு விரதம். ஒரே வாரத்தில் இரண்டையும் முறிக்க எனக்குத் தெம்பில்லை. வேறு வழி இருந்தால் சொல்.

உன்,
சக்கரவர்த்தி

---

திருவண்ணாமலை
5-4-1958

அன்புள்ள சக்கரவர்த்திக்கு,

உட்கார்ந்து படி. உத்தரவு கிடைத்துவிட்டது. பலராமன் என்று பட்டாளத்திலிருந்து வந்த வேட்டைக்காரர். பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் உன் கொல்லைக்கு வருவார். நல்ல குறி, வீண் பேச்சு இல்லாத மனிதர்.

எப்படிக் கிடைத்தது என்று நீ கேட்பாய். நானே சொல்லிவிடுகிறேன். உன் பாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு பாரத்தில் எல்லாவற்றையும் நகல் எழுதினேன். நான்காம் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதினேன். உன் கையெழுத்தையும் நானே போட்டேன்.

கோபப்படாதே. பச்சையம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அங்கேயோ வெடி வைக்கக் காத்திருக்கிறார்கள். ஒரு சொல்லை மாற்றினால் எல்லாம் ஒழுங்காக முடியும் என்று தோன்றியது. பொய் என்னுடையது. உனக்கு அதில் பங்கு இல்லை.

ஏகாம்பரம்

---

கீழ்பென்னாத்தூர்
7-4-1958

ஏகாம்பரநாதன் அவர்களுக்கு,

பங்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர். அடியில் இருக்கும் பெயர் என்னுடையது. என்னைப் பொய்யனாகவும் ஆக்கி, அந்தப் பொய்யின்மேல் ஓர் உயிரையும் வாங்க ஏற்பாடு செய்திருக்கிறீர். இதை ஒரு பகையாளி செய்திருந்தால் பொறுத்திருப்பேன்.

முந்தாநாள் முதல் நான் ஐந்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய் இருட்டும்வரை தகரம் தட்டுகிறேன். ஆட்களும் முறை வைத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டு நாளாகக் கரடி இறங்கவில்லை. இதை இருபது வருஷம் முன்பே செய்திருக்க வேண்டும்.

அந்த உத்தரவைத் திரும்பப் பெறும்வரை எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

வ. சக்கரவர்த்தி

---

திருவண்ணாமலை
9-4-1958

சக்கரவர்த்திக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஆனாலும் இதைத் தெரிவிக்காமல் முடியாது. ரேஞ்சர் ஜவ்வாது மலையில் முகாம். பதினான்காம் தேதிதான் திரும்புவார். ரத்து செய்ய அவர் ஒருவரால்தான் முடியும். பலராமன் வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். வீடு பூட்டியிருக்கிறது, பெண் கொடுத்த ஊருக்குப் போய் அங்கிருந்து நேரே உன் ஊருக்கு வருகிறாராம்.

ரேஞ்சர் வந்ததும் நடந்ததைச் சொல்லிவிடுவேன். வேலை போனாலும் போகும். லலிதாம்பாளிடம் இன்னும் சொல்லவில்லை. நீ ‘அவர்களுக்கு’, ‘எழுதியிருக்கிறீர்’ என்று மரியாதை போட்டு எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏகாம்பரம்

---

திருவண்ணாமலை
14-4-1958

சக்கரவர்த்திக்கு,

காலையில் சொல்லிவிட்டேன். ரேஞ்சர் அந்தப் பாரத்தை எடுத்துவரச் சொல்லிப் படித்தார். பிறகு கேட்டார்: “ஏன்யா, ரூல் எழுதினவன் முட்டாள்னு நெனச்சியா? ஒழுங்கா காவல் இருந்தா பாதி கரடிய சுடவே வேணாம். அதுக்குத்தான்யா அந்தக் கேள்வி.” நீ எழுதிய ஒரு சொல்லுக்கு இத்தனை அர்த்தம் இருந்ததை, மூன்று வருஷமாக அந்தப் பாரத்தைக் கட்டி அழுகிற எனக்கு இன்றுதான் தெரிந்தது.

ரத்து உத்தரவு எழுதி, காட்டுக் காவலாளி ஒருவரிடம் கொடுத்துச் சைக்கிளில் அனுப்பிவிட்டார். ஆனால் பலராமன் நேற்றே வந்திருப்பார். “அங்க கரடி விழுந்திருந்தா ஃபைல் மேல போவும், என்னால தடுக்க முடியாது. கரடி பொழச்சிருந்தா நீயும் பொழச்ச” என்றார்.

வேலையை விடு. நேற்று அங்கே என்ன நடந்தது? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது. நீ திட்டாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

ஏகாம்பரம்

---

கீழ்பென்னாத்தூர்
16-4-1958

பிரியமுள்ள ஏகாம்பரத்துக்கு,

முதலில் மூச்சு விடு. துப்பாக்கி வெடிக்கவில்லை. கரடி பிழைத்தது. ஆகவே உங்கள் ரேஞ்சர் கணக்குப்படி நீயும் பிழைத்தாய்.

இனி நடந்ததைக் கேள். பலராமன் நாலு மணிக்கு வந்தார். நான் அவரிடம் மனுவில் இருப்பது பொய் என்று சொன்னேன். “அத ஆபீசுக்கு எழுதுங்க நயினாரே. கையில பர்மிட் இருக்குது, நான் குந்தித்தான் ஆவணும்” என்றார். அன்று ஒருவரும் தகரம் தட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஊரே வரப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சடையன், தலைக்கட்டோடு, வேண்டாம் என்றாலும் கேளாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். பச்சையம்மாள் அவனுக்குப் பின்னால் இருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அருகனை நினைத்துக்கொண்டிருந்தேன். எதை வேண்டுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சடையனுக்கு நியாயம் வேண்டும், கரடிக்கு உயிரும் வேண்டும் என்றால் எந்தத் தெய்வம் காது கொடுக்கும்?

பொழுது சாய்ந்து இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே அது பாறையிலிருந்து இறங்கியது. பலராமன் துப்பாக்கியை உயர்த்தினார். நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது அது வேலியருகே நின்றுவிட்டது. முதுகு மட்டும் அசைந்தது. தேர் பார்க்கத் தகப்பன் தோளில் ஏறின பிள்ளைகள் மாதிரி, முதுகு மயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரண்டு குட்டிகள்.

பலராமன் துப்பாக்கியைத் தாழ்த்தினார். “இத சுட எனக்கு பர்மிட் இல்ல” என்றார், அவ்வளவுதான். பின்னாலிருந்து யாரோ, “குட்டிய யாரு பாத்தாங்க, சுடுங்க” என்றான். “தோல ஆபீசுல விரிச்சா பால் மடி தெரியும். தெரியலன்னாலும் சுட மாட்டேன்” என்றார். சலசலப்பு ஆரம்பித்தது. அவர் சுடாவிட்டால் நாளைக்கு வெடிதான் என்று இன்னொருவன் சொன்னான்.

அப்போதுதான் சடையன் பேசினான். தையல் இழுக்க இழுக்கப் பேசினான். “வெடியும் வேணாம் ஒண்ணும் வேணாம். புள்ளக்காரி. அன்னிக்கும் குட்டிங்க முதுவுல இருந்திருக்கும், நான் பாக்கல. குறுக்க போயி நின்னுட்டேன். எம் புள்ளைங்க பக்கத்துல எவனாச்சும் அப்டி வந்து நின்னா பச்சையம்மா உட்டுடுவாளா?”

அடிபட்டவனே சொல்லிவிட்ட பிறகு மற்றவன் என்ன சொல்வது? சடையன் என் மடியில் இருந்த தகரத்தை வாங்கி அவனே முதலில் தட்டினான். கரடி திரும்பிப் பாறைமேல் ஏறிப்போயிற்று. மேலே இலுப்பைப் பூ கொட்டுகிற காலம், அதற்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் நான் அழுகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். இந்த மூன்று வாரத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அறியவில்லை.

கடலை பிடுங்க இன்னும் பத்து நாள். அதுவரை எல்லாக் கொல்லைக்கும் சேர்த்து சாயங்காலக் காவல் என்று ஊரே பேசி முடித்தது. வெடிப் பேச்சு நின்றது. பர்மிட்டின் பின்புறம், ‘குட்டியுடன் பெட்டை, சுடவில்லை’ என்று பலராமன் எழுத, சாட்சிக்கு நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவைக் கீழே வைக்கவில்லை.

திரும்பி நடக்கும்போது சடையனிடம், வடத்துக்கு உன்னை அனுப்பியது என் தப்பு என்றேன். “தப்புதான் நயினாரே” என்றான். ஆறுதல் சொல்வான் என்று நினைத்தவனுக்கு அது சுருக்கென்றது. ஆனால் அதைவிட நேர்மையான பதிலும் கிடையாது. பச்சையம்மாள் இன்னும் என்னோடு பேசவில்லை. அது அவள் நியாயம், பேசும்வரை காத்திருப்பேன்.

உன்மேல் கோபம் போயிற்றா என்றால் முழுக்கப் போகவில்லை. நீ செய்தது தப்பு. ஆனால் ரேஞ்சரிடம் நீயாகப் போய்ச் சொன்னாய். அந்தத் தைரியம் எனக்கு இருந்திருக்குமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன், தெரியவில்லை. எழுதாமல் இருந்த ஒன்பது நாளில் உன்னைத் திட்ட நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். அவ்வளவும் இந்தக் காகிதத்தில் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் லலிதாம்பாளையும் கூட்டிக்கொண்டு வா. அவள் எதிரில்தான் திட்டப் போகிறேன்.

என்றும் உன்,
சக்கரவர்த்தி