லொறி மறித்தவரின் மகளுக்கு

இன்று காலை கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் கால் வைத்ததுமே சுருட்டு வாசம் மூக்கில் ஏறியது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி நாளாகிக் கிடந்த மேல் மலையில் இன்றைக்குத்தான் மறுபடி கொழுந்து எடுக்கத் தொடங்கினோம். யாரோ அதற்காக உன் அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு சுருட்டைக் கொளுத்தி, பக்கத்தில் ஒரு மூடிச் சாராயமும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சுருட்டுப் புகை பட்டாலே இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிற மனுஷன் என்று உன் அம்மா சொல்லுவாங்களே! நீ இருந்திருந்தால், "செத்த பொறவும் இந்த மனுசன நிம்மதியா மூச்சு விட வுட மாட்டேங்கிறாங்களே!" என்று கத்தியிருப்பாய். திரும்பிப் பார்த்தேன். நீ கொழுந்து எடுக்கும் நிறையில் வேறொருத்தி கூடையை மாட்டிக்கொண்டிருந்தாள். யாரிடம் சொல்லிச் சிரிப்பது? அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அப்பாவைத் தோட்டம் சாமி வரிசையில் சேர்த்துவிட்டது, பார்த்தாயா. நமக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் 'லொறி மறிச்ச ராமையா'. ஊர் சொல்லும் கதையை உனக்கே சொல்வது வேடிக்கைதான், இருந்தாலும் சொல்கிறேன். பெரிய ஸ்ட்ரைக் நடந்த காலம். தோட்டத்துத் துரை வெளியாட்களை லொறியில் ஏற்றி வேலைக்குக் கொண்டுவருகிறார். கலவான ரோட்டிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் வளைவில் உன் அப்பா தனியாளாக நின்று, சட்டையைக் கிழித்து நெஞ்சைக் காட்டி, "ஏத்துடா எம்மேல!" என்கிறார். லொறி ஏறுகிறது. இரத்தத்தைப் பார்த்துத் துரை மிரண்டு போகிறார். நாம் ஜெயிக்கிறோம். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். கணக்கப்பிள்ளை மலையில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசும்போதெல்லாம் அந்த வளைவில் நிற்கிற ராமையாவை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொள்வேன். அவருடைய நினைவு நாள் வந்தால் படத்துக்கு மாலை விழாமல் ஒருத்தியும் மலை ஏற மாட்டாள். அந்த மாலையைப் போடுவது நீ. உனக்கு அது பிடிக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்ச காலம் தெரியாது.

அந்தப் படத்தை வாங்கிவர நாம் இரண்டு பேரும் பெல்மதுளைக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? அடையாள அட்டையிலிருந்த சின்னப் படத்தைக் கொடுத்துத்தான் சங்கத்தில் வரையச் சொல்லியிருந்தார்கள். பாஸ் என்று நாம் கூப்பிடும் போர்டு எழுதுகிற சிங்களவர் துணியை விலக்கிக் காட்டினார். சிவப்புக் கொடி, தூக்கிய முஷ்டி, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. நீ சிங்களத்திலேயே கேட்டாய், இது யாருடைய மீசை, எங்கள் அப்பாவுக்கு மீசையே கிடையாதே என்று. அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ரெவுல நெத்துவ வீரயெக் கொஹொமத, நங்கி?" என்றார். மீசை இல்லாமல் வீரன் எப்படி, தங்கச்சி என்று. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். நீ படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாய்.

உன் அம்மா படுக்கையில் விழுந்த மழைக்காலத்தில்தான் எனக்குச் சொன்னாய். பக்கத்துப் பக்கத்து நிறையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். தலையில் போட்டிருந்த றப்பர் சீட்டில் மழை கொட்டுகிற சத்தத்தில் பாதிதான் கேட்டது. "எங்கப்பா லொறிய மறிக்கலடி" என்றாய். அம்மா நேற்றுத்தான் வாயைத் திறந்தார்கள் என்றும் சொன்னாய். உன் அப்பா ரொம்பப் பயந்த மனுஷனாம். ஸ்ட்ரைக் தொடங்கியதிலிருந்து லயத்து வரிசை வீட்டில் தங்கள் காம்பராவை விட்டு வெளியே வரவில்லையாம். வீட்டில் அரிசி தீர்ந்துபோய், உன் அம்மாவுக்குப் பாலும் வற்றிப்போய், நீ கத்திக்கொண்டே கிடந்தாயாம். அதைத் தாங்க முடியாமல், ஒருவருக்கும் தெரியாமல், விடியலில் வேலைக்கு ஆள் பதிகிற பிரட்டுக்களத்துக்குப் பேர் கொடுக்கப் போனாராம். ஸ்ட்ரைக்கை உடைக்கத்தான் போனாராம். மூடுபனியில் ஆளைக் காணாமல் லொறிக்காரன் ஏற்றிவிட்டானாம்.

எனக்கு வந்த ஆத்திரம் உன் அப்பாமேல் இல்லை, உன்மேல்தான். "பேசாமக் கொழுந்த எடுடி. எங்கிட்டச் சொன்னத வேற எவகிட்டயும் சொல்லிறாத" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நிறை மாறிப் போனேன். எனக்கு அந்த வளைவில் நிற்கும் வீரன் வேண்டியிருந்தார். அவரை எடுத்துவிட்டால் எங்களிடம் வேறு என்ன இருக்கிறது என்று தோன்றியது.

அந்தக் காலத்தில் என் வீட்டுப் பாடும் லேசுப்பட்டதில்லை. வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவின் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகளைப் பழைய உர ஸ்டோரில் போட்டோம். ஜன்னல் இல்லை. சாக்கு மூட்டைகளை வெளியே எடுத்த பிறகும் அந்த நெடி போகவில்லை. என் மகள் செல்விக்கு அங்கேதான் இழுப்பு வந்தது. மலையில் நிற்கும்போது மூச்சு இழுக்கிற சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்கும். லயத்துக்குக் கீழே வெட்டிச் சமப்படுத்திய ஒரே ஒரு இடம் இருந்தது. பிள்ளைக்காம்பராவை அங்கே கட்டித் தாருங்கள் என்று பொம்பளைகள் எல்லோரும் கேட்டோம். சங்கத்தின் தோட்டத் தலைவர் சிரித்த முகத்தோடு, "அது ராமையா அண்ணனுக்குங்க. நினைவு மண்டபம் கட்டப்போறோம். மகதான் கல்லு நடணும்" என்று சொல்லிவிட்டார். வீரனுக்கு எதிராக யார் வாய் திறப்பது? நானும் மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல் நடுகிற அன்றைக்குப் பந்தல் போட்டு, ஸ்பீக்கர் கட்டி, ருவான்வெல்லைப் பக்கத்திலிருந்தெல்லாம் சங்கத்து ஆட்கள் வந்திருந்தார்கள். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, செல்வியை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாய். அவள் இழுத்துக்கொண்டிருந்தாள். தலைவர் உன் அப்பாவின் கதையைச் சொல்லி முடித்து, "வீரன் மக ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றார். நீ பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "வேணாம்டி, அசிங்கமாப் போயிரும்" என்றேன். நீ கேட்டால்தானே!

"எனக்கு மேடையில பேசத் தெரியாதுங்க" என்று தொடங்கினாய். "எங்கப்பா லொறிய மறிக்கலங்க. பேர் கொடுக்கப் போனாருங்க." எனக்கு மலையில் சொன்னதையெல்லாம் அப்படியே அங்கே சொன்னாய். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. "பெத்த அப்பனப் போய்க் கருங்காலிங்கிறியே தங்கச்சி, ஒன் நாக்கு அழுகாதா?" என்று மைக் இல்லாமலே கத்தினார். "கருங்காலின்னு நீங்கதான் சொல்றீங்க. நான் அப்பான்னுதான் சொல்றேன்" என்றாய். "புள்ள அழுதது தாங்காமப் போனவருங்க. அவருக்கு ஏதாச்சும் கட்டணும்னு ஆசப்பட்டா, இந்த எடத்துல புள்ளைங்களுக்குக் கட்டுங்க. இங்க ஒரு மண்டபம் நின்னா நான் தெனம் அதக் கடந்து எப்பிடிங்க மலைக்குப் போவேன்?"

ஆம்பளைகள் பக்கம் கூச்சல் கிளம்பியது. அப்போதுதான் காமாட்சிக் கிழவி கம்பை ஊன்றி எழுந்தது. "அவ சொல்றது சரிதான். எங்களுக்கு அன்னிக்கே தெரியும்" என்றது. லொறியை மெய்யாகவே மறித்தது அந்தக் கிழவியும் இன்னும் சில பொம்பளைகளும்தான். வளைவில் இல்லை, அதற்கும் மேலே, தேயிலை ஸ்டோர் வாசலில், ரோட்டிலேயே உட்கார்ந்து. வந்தவர்கள் இறங்கித் திரும்பிப் போனார்கள். "அப்ப இத்தன வருசம் ஏன் வாயப் பொத்திக்கிட்டு இருந்தீங்க?" என்று தலைவர் கேட்டார். கிழவி அவரைச் சின்னப் பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. "இவ அம்மா புருசனப் பறிகொடுத்துட்டுக் கைப்புள்ளையோட நின்னா. நீங்க ஒரு மாலையக் கொண்டாந்து போட்டீங்க. அந்த மாலையப் பிடுங்கி எறியச் சொல்றியா எங்கள?"

அதற்குப் பிறகு ஒருவரும் கல் நடவில்லை. நீ மேடையை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தாய். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்குக்கு மேலே கட்டும் பழைய சேலைத் துண்டு ஒன்று உன் பையில் இருந்தது. அதைப் பந்தல் மரத்தின் குறுக்குக் கம்பில் போட்டு முடிச்சிட்டுத் தொட்டில் ஆக்கினாய். "கொண்டா புள்ளைய" என்றாய். செல்வியைப் போட்டோம். காற்று வருகிற இடம். கொஞ்ச நேரத்தில் அவள் இழுப்பு தணிந்து தூங்கிவிட்டாள். மறுநாள் விடியலில் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாகப் பிள்ளையையும் சேலையையும் கொண்டுவந்து அந்தப் பந்தலில் தொட்டில் கட்டிவிட்டுத்தான் பிரட்டுக்குப் போனார்கள். பந்தல்காரன் வந்து கம்பைக் கேட்டான். கழற்றிப் பார் என்றோம். ஜீப்பில் வந்த துரை தொட்டில்களைப் பார்த்துவிட்டு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார். இழுபறி மாதக்கணக்கில் நடந்தது. ஆனாலும் அந்த இடத்தில் பிள்ளைக்காம்பரா வந்தது, பெரிய பெரிய ஜன்னல் வைத்து.

உனக்கு அது சும்மா கிடைக்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை. பைப்படியில் தண்ணீர் பிடிக்கும்போது 'கருங்காலி மக' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். உன் சித்தப்பா கொஞ்ச காலம் உன்னோடு பேசவில்லை. நீ காம்பராவுக்குள் உட்கார்ந்து அழுதாய், வெளியே வந்து அவர்களோடு சண்டை போட்டாய். கோபக்காரப் பொடியன்கள் மடுவத்திலிருந்து படத்தைக் கழற்ற வந்தபோது குறுக்கே விழுந்து தடுத்ததும் நீதான். "அவரு என்னா பாவம் பண்ணாரு? அங்கனயே இருக்கட்டும். மீசைய மட்டும் அழிங்க" என்றாய். ஒருவரும் அழிக்கவில்லை. அது இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு நாள் உன்னிடம் கேட்டேன், அப்பாவை எல்லோர் முன்னாலும் இப்படிச் சின்னதாக்கிவிட்டோமே என்று வருத்தம் இல்லையா என்று. நீ கொழுந்தைக் கூடைக்குள் எறிந்துவிட்டுச் சொன்னாய்: "படத்துல இருக்கிறவருகிட்ட எனக்குப் பேச ஒண்ணுமே இல்லடி. பயந்துகிட்டு எனக்காகப் போனாரு பாரு, அந்த மனுசன்கிட்டத்தான் நான் தெனம் பேசுறேன்." அன்றைக்குத்தான் என் ஆத்திரம் அடங்கியது. சட்டையைக் கிழித்து நெஞ்சைக் காட்டுகிறவர்கள்தான் வீரர்கள் என்றால் நம் லயத்தில் ஒருத்தியும் தேற மாட்டாள். பயந்தவர்களும் கணக்கில் உண்டு என்றால் நமக்கெல்லாம் இடம் இருக்கிறது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பிறகு உன் மார்பில் கட்டி வந்தது. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் செக்பொயிண்டில் இறக்கி அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான் ஆமிக்காரன். ஒரு தடவை நீ நிற்க முடியாமல் என் தோளில் சாய்ந்துகொண்டு, அவனிடமே சிங்களத்தில், "தம்பி, போட்டோவுல நான் இன்னும் அழகா இருக்கேன்ல?" என்று கேட்டாய். அவனும் சிரித்துவிட்டான். கடைசியில் அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. நீ இல்லாமல் மலை ஏறுவது எனக்கு இன்னும் பழகவில்லை, பழகாது.

செல்விக்கு இழுப்பு போயே போய்விட்டது. உன்னைப்போல அவளுக்கும் வாய் நீளம்.

இன்றைக்கு இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லாமல் எப்படி முடிப்பது? கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும், இப்போது பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளை விடுகிற இளம் பெண்கள் கூட்டமாக வீட்டுக்கு வந்தார்கள். உன் படத்தைப் பெரிதாக வரைந்து அங்கே மாட்டப் போகிறார்களாம். மாலை போட ஒரு நாளும் குறித்துவிட்டார்களாம். "தனியாளா நின்னு மொத்தத் தோட்டத்தையும் எதுத்தாங்களாமே, கொஞ்சங்கூடப் பயப்படவே இல்லையாமே!" என்று ஒருத்தி கண்ணை விரித்துக் கேட்டாள். என்னிடம்தான் உன் போட்டோ இருக்கிறது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. உன் முகம் அங்கே இருந்தால் நானும் தினம் பார்க்கலாமே. ஆனால் உன்னிடம் யார் ஏச்சு வாங்குவது?

"போட்டோ தர ஏலாது புள்ளைங்களா" என்றேன். அவர்கள் முகம் வாடிப்போனது.

"அவளப் பத்தி வேணும்னா சொல்றேன். அவ சரியான பயந்தாங்கொள்ளி. மேடைக்கு எந்திரிக்கும்போது என் கையப் புடிச்ச புடியில நகம் பதிஞ்சிருச்சு. வாங்க, உக்காருங்க."

உட்கார்ந்தார்கள்.