வெளிர்நீலக் கோட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? நாங்கள் மூவரும் சௌக்கியம். மூவர் என்று எழுத எத்தனை வருஷம் ஆயிற்று, பார்!

தத்துக்கொடுத்த இல்லத்தில் உன் பேத்தியைக் கையில் வாங்கி ஐந்து நாளாகிறது. அவளுக்குப் பாஸ்போர்ட் வரும்வரை இந்த நாட்டில் ஓட்டல் அறைதான். உன் மாப்பிள்ளையிடம் போகிறாள். நான் தொட்டால்தான் ஊரைக் கூட்டுகிறாள். நேற்று அறை துடைக்க வந்த பெண்ணைக் கண்டதும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண் போட்டிருந்தது இல்லத்து ஆயாக்கள் போடும் அதே வெளிர்நீலக் கோட்டு.

"குழந்தைதானே, விடு. போகப் போக சரியாயிடும்," என்றார் இவர். நானும் சிரித்துவைத்தேன்.

அப்புறம், பாஷை தெரியாததால் அந்தப் பெண்ணிடம் ஜாடை காட்டி, கோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டேன். உன் பேத்தி உடனே என்னிடம் வந்துவிட்டாள், அம்மா. என் தோளில் முகம் புதைத்து, கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி தூங்கியும் போனாள். என் முகத்தை மட்டும் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அரைமணியில் கோட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதாயிற்று.

அவளுக்குக் கவுன் தைத்தது போதும். நாங்கள் வந்து இறங்குவதற்குள் வெளிர்நீலத்தில், முன்னால் பை வைத்து, இரண்டு கோட்டு தைத்துவை. என் அளவுக்கு. அப்பாவிடம் ஏதாவது சொல்லிச் சமாளி.

எழுந்துவிட்டாள். கதவைப் பார்த்து அழுகிறாள்.

உன் மகள்